501-வது யூனிட்டின் விலை

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமும் சேமிப்புத் தூண்டுதலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பர் 10-க்கு முன்பு தமிழ்நாட்டில் ஒரு வீடு இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் செலவழித்தால் பில் 1,130 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால் 1,786 ரூபாய் 60 காசு. ஒன்றரை டன் ஏசியை முக்கால் மணி நேரம் போட்டாலே ஓடிவிடும் அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு.

விலையை ஏற்றி இறக்கி மக்களை மின்சாரம் சேமிக்க வைக்கலாம் என்ற யோசனை பல நாடுகளில் பல வடிவங்களில் முயலப்பட்டிருக்கிறது. இவ்வளவு பெரிய அபராதத்தை ஒரே ஒரு யூனிட்டின் தலையில் ஏற்றி, கோடிக்கணக்கான வீடுகளில் ஆண்டுக்கணக்காக நடத்திய ஏற்பாடு அரிது. நம் கண் முன்னால் நடந்த இந்தச் சோதனை சேமிப்பைத் தூண்டியதா, யாரைத் தூண்டியது, யாரைத் தொடவே இல்லை என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

கணக்கு நடந்த விதம்

சாதாரண ஸ்லாப் முறையில் ஒரு எல்லையைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை. அதற்கு முன் செலவழித்த யூனிட்டுகள் பழைய விலையிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் 2022 வரை இருந்தது அது இல்லை. 100 வரை, 200 வரை, 500 வரை, 500-க்கு மேல் என்று நான்கு தனித்தனிப் பட்டியல்கள். மொத்த யூனிட் எந்தப் பட்டியலில் விழுகிறதோ, முதலிலிருந்து எல்லா யூனிட்டும் அந்தப் பட்டியலின் விலைக்கு மாறும்.

200-க்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 1 ரூபாய் 50 காசு, நிலைக்கட்டணம் 20 ரூபாய். 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய், அதன் பிறகு 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. ஐநூறைத் தாண்டினால் 101 முதல் 200 வரை 3 ரூபாய் 50 காசு, 201 முதல் 500 வரை 4 ரூபாய் 60 காசு, அதற்கு மேல் 6 ரூபாய் 60 காசு, நிலைக்கட்டணம் 50. முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே 23 அன்று ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பொறுப்பேற்ற நாளில் கையெழுத்தானது. சிறிய வீடு பெரிய வீடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வீட்டு இணைப்புக்கும் பொருந்தியது.

ஆக, 501-வது யூனிட் வந்ததும் அதற்கு முன்பே செலவாகிவிட்ட 400 யூனிட்டின் விலையும் பின்னோக்கி ஏறுகிறது. 200-ல் இருந்த படி சிறியது: 170 ரூபாயிலிருந்து 233. ஐநூறில் இருந்தது படி இல்லை, செங்குத்தான பள்ளம்.

பொருளாதார ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, அடுத்த ஒரு யூனிட்டைச் சேமித்தால் ஒரு வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான். பழைய கட்டணத்தில் அதைக் கேட்டுப் பார்ப்போம். 90 யூனிட் வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. 180 யூனிட் வீட்டுக்கு ஒன்றரை ரூபாய். 490-ல் இருப்பவருக்கு 3 ரூபாய். 520-ல் இருப்பவர் 20 யூனிட் குறைத்தால் 782 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்கு 39 ரூபாய். 900 யூனிட் வீட்டில் 100 யூனிட் குறைத்தால் 660 ரூபாய்; அந்த வீடு ஐநூறுக்குக் கீழே இறங்க 400 யூனிட்டை வெட்ட வேண்டும், அது நடக்கிற காரியமில்லை.

தூண்டுதல் முழுவதும் ஒரே இடத்தில் குவிந்துகிடந்தது. ஐநூறுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் வீட்டுக்கு எந்த ஏசியையும் அணைக்க வைக்கும் அளவு பணம். அதற்கு வெகு மேலேயோ வெகு கீழேயோ இருப்பவருக்கு அந்த எல்லை இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

எல்லை தெரிய வேண்டும், நேரத்தோடு தெரிய வேண்டும்

இந்த முறைக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு. "ஐநூறைத் தாண்டிடக் கூடாது" என்பது தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. பட்டியலின் விலைகள் எதுவும் நினைவில் இல்லாதவருக்கும் அந்த எண் தெரியும். வேறு ஊர்களில் இது அவ்வளவு எளிதில் நடக்கவில்லை. கொய்ச்சிரோ இத்தோ என்ற பொருளாதார அறிஞர் கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியை ஆராய்ந்தார். அங்கே ஒரே பகுதியில் ஒரு பக்கத்து வீடுகளுக்கு ஒரு மின்நிறுவனம், எதிர்ப்பக்கத்துக்கு இன்னொன்று. இரண்டின் ஸ்லாப்களும் வேறு. 2014-ல் வெளியான அவருடைய முடிவு, மக்கள் அடுத்த யூனிட்டின் விலையைப் பார்ப்பதில்லை, பில் தொகை மொத்தத்தில் யூனிட்டுக்கு எவ்வளவு விழுகிறது என்ற சராசரியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்பது. ஸ்லாப் எத்தனை நுணுக்கமாக இருந்தாலும் மனதில் நிற்பது பில்லின் அடியில் இருக்கும் தொகைதான். அந்த வகையில் ஐநூறு என்ற ஒற்றை எண் நன்றாகவே மனதில் பதிந்தது.

ஆனால் எண் தெரிந்தால் போதுமா? தான் இப்போது எத்தனையில் இருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டுமே. கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார், ரீடிங் எடுக்கிறார், வெள்ளை அட்டையில் எழுதுகிறார். அந்த நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. 620 என்று அவர் எழுதிய பிறகு அதைக் குறைக்க ஒரு வழியும் கிடையாது. இடையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் எல்லாம் மாறி மாறி ஓடும்போது கே.டபிள்யூ.ஹெச். (யூனிட்) என்ற வரி வரும்வரை நின்று பார்த்து, அட்டையில் உள்ள பழைய ரீடிங்கைக் கழிக்க வேண்டும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருபது மீட்டர் பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் இருந்தால் அதுவும் கஷ்டம்.

ரீடிங் எடுக்கும் தேதியும் பில்லை மாற்றும். நாளுக்கு 8 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 60 நாளில் 480 யூனிட், பழைய கட்டணத்தில் 1,070 ரூபாய். ஒரு முறை ரீடிங் மூன்று நாள் தள்ளிப்போனால் 63 நாளுக்கு 504 யூனிட், பில் 1,806 ரூபாய் 40 காசு. அடுத்த முறை 57 நாள் மட்டும்தானே, 456 யூனிட்டுக்கு 998 ரூபாய். நான்கு மாதத்துக்கு 2,140 கட்ட வேண்டிய வீடு 2,804 ரூபாய் 40 காசு கட்டுகிறது. வீட்டில் ஒரு விளக்கு கூட அதிகமாக எரியவில்லை. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் நான்கு மாத யூனிட்டை மொத்தமாகப் பார்த்து இரண்டாகப் பிரித்து பில் போட்டபோது கிளம்பிய கோபத்துக்கு அடியிலும் இதே சந்தேகம் இருந்தது. முன்பே கட்டிய தொகையை யூனிட்டாகக் கழிக்காமல் ரூபாயாகக் கழித்தார்கள் என்பது அன்றைய முக்கியப் புகார். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது.

சேமிப்பு உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய பரிசு தேதிக்கும் கிடைக்கும் என்றால், மக்கள் உழைப்பை நம்புவதை விட்டுவிடுவார்கள். ஒரு கட்டணமுறைக்கு நேரக்கூடிய பெரிய சேதம் இது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மீட்டர்

ஐநூறு எல்லையிலிருந்து தப்பிக்க மின்சாரத்தைக் குறைப்பதைவிட எளிய வழி ஒன்று இருந்தது. மாடிக்குத் தனி இணைப்பு.

560 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் பழைய கட்டணத்தில் 2,176 ரூபாய். அதையே கீழ்வீட்டில் 280, மாடியில் 280 என்று இரண்டு மீட்டராகப் பிரித்தால் தலா 470, மொத்தம் 940. ஒரு யூனிட் கூடச் சேமிக்காமல் 1,236 ரூபாய் லாபம், இலவச 100 யூனிட் இரண்டு தடவை. ஏசியின் வெப்பநிலையைக் கூட்டி வைத்து, ஃப்ரிட்ஜை மாற்றி, குழந்தைகளைத் திட்டி விளக்கை அணைத்து வரும் மிச்சம் இதற்குப் பக்கத்தில் கூட வராது. வாடகைக்கு விட்ட போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்குவது முழு நியாயம். ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்துக்கொள்வதும் மனிதர்கள் விலைக்குக் காட்டும் இயல்பான எதிர்வினைதான். திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்த எதிர்வினை இல்லை, அவ்வளவே.

இதன் மறுபக்கம்தான் வருத்தம் தருவது. ஸ்லாப் மீட்டரைப் பார்க்கிறது, தலையை எண்ணுவதில்லை. ஒன்பது பேர் சேர்ந்து வாழும் கூட்டுக்குடும்பம் ஒரு மீட்டரில் 600 யூனிட் செலவழித்தால் அது "அதிகம் செலவழிக்கும் வீடு". தனியாக ஏசி போட்டு 300 யூனிட் செலவழிக்கும் இருவர் "சிக்கனமான வீடு". இதைவிட மோசமான நிலை, சொந்த மீட்டரே இல்லாத குடித்தனக்காரர்களுடையது. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தான் சொல்லும் ரேட்டை வாங்குவது சென்னையில் எங்கும் பார்க்கலாம். அரசு தரும் இலவச 100 யூனிட் அந்தக் குடித்தனக்காரர் கைக்கு வருவதே இல்லை. சிறிய அறையில் ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் வைத்திருப்பவர் முதல் யூனிட்டிலிருந்தே ஏசி வீட்டு விலை கொடுக்கிறார்.

கலிஃபோர்னியா காட்டிய பாடம்

எல்லைக்கோடு வைத்துப் பரிசு கொடுக்கும் முறையை மிகத் துல்லியமாக அளந்த ஆய்வும் இத்தோவுடையதே. 2005 கோடையில் கலிஃபோர்னியாவின் பெரிய மின்நிறுவனங்கள் 20/20 என்ற திட்டத்தை நடத்தின. முந்தைய கோடையைவிட 20 சதவீதம் குறைத்துச் செலவழித்த வீட்டுக்கு அந்தக் கோடைகால பில்லில் 20 சதவீதம் தள்ளுபடி. 2001 மின்நெருக்கடியின்போது பிறந்த யோசனை இது.

யாருக்குத் தகுதி என்பதற்கு நிறுவனங்கள் ஒரு தேதி வைத்திருந்தன: 2004 கோடையில் அந்தத் தேதிக்குள் இணைப்பு பெற்றிருக்க வேண்டும். சில நாள் முன்னால் குடிவந்தவருக்குப் பரிசு உண்டு, சில நாள் பின்னால் வந்தவருக்கு இல்லை. மற்றபடி இரு தரப்பும் ஒரே மாதிரி வீடுகள். அவர்களை ஒப்பிட்டால் திட்டத்தின் உண்மையான பலன் தனியாகத் தெரிந்துவிடும். தெரிந்தது இதுதான்: வெயில் கொளுத்தும் உள்நாட்டுப் பகுதியில் சுமார் 4 சதவீதம் குறைந்தது. கடலோரத்தில் பலனே இல்லை.

அப்படியென்றால் கடலோரத்தில் யாருக்கும் தள்ளுபடி போகவில்லையா? போனது. ஒரு வீட்டின் மின்செலவு வருடத்துக்கு வருடம் தானாகவே ஏறி இறங்கும். பிள்ளை படிக்க வெளியூர் போனால், கோடை கொஞ்சம் குளிர்ந்தால், 20 சதவீதம் தானாகக் குறையும். அவர்கள் எதுவும் செய்யாமலே பரிசு வாங்கினார்கள். செலவு கூடிப்போன வீடு இனி எப்படியும் எட்ட முடியாது என்று விட்டுவிட்டது. 20 சதவீதக் கோட்டுக்கு அருகில் வரக்கூடியவர்களுக்கு மட்டுமே அந்தக் கோடு கோடாக இருந்தது. உள்நாட்டில் ஏசி ஓடுவதால் குறைக்க ஏதோ ஒன்று இருந்தது. கடலோர வீட்டில் குறைக்கவே பெரிதாக ஒன்றுமில்லை.

நம் ஐநூறு அபராதக் கோடு, அவர்களுடையது பரிசுக் கோடு. குறை ஒன்றேதான்.

2022-ல் மாறியது

எட்டு ஆண்டுகளாகக் கட்டணம் உயராமல் இருந்து, 2022 செப்டம்பரில் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு வந்தபோது எல்லோரும் உயர்வைப் பற்றித்தான் பேசினார்கள். பேசியது சரிதான்: 200 யூனிட் வீட்டுக்கு 170-லிருந்து 225 ரூபாய், 500 யூனிட் வீட்டுக்கு 1,130-லிருந்து 1,725. ஆனால் அதே உத்தரவில் நிலைக்கட்டணம் போயிற்று, நான்கு பட்டியல் இரண்டானது, ஐநூறின் பள்ளம் பெருமளவு தூர்ந்தது. புதிய கணக்கில் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். 656 ரூபாய் தாவல் 233 ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் தாவலுக்கும் காரணம், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் பாதி விலை மானியம் ஐநூறைத் தாண்டினால் போய்விடுகிறது என்பது.

பள்ளத்துக்குப் பதிலாக மேலே ஏறுமுகம் வந்தது. 600 வரை யூனிட் 8 ரூபாய், 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11. முன்பு 100 யூனிட் குறைத்தால் 660 ரூபாய் மட்டும் மிச்சமான 900 யூனிட் வீட்டுக்கு 2022 கட்டணத்தில் 1,000 ரூபாய் மிச்சமானது. ஐநூறை எட்ட முடியாத பெரிய வீட்டுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு காரணம் கிடைத்தது. கட்டண உயர்வு என்ற அளவில் இந்த உத்தரவு எவ்வளவு வலித்தாலும், சேமிப்புத் தூண்டுதல் என்ற அளவில் முந்தையதைவிடத் தெளிவாக நல்லது. அந்த உத்தரவின் இந்தப் பகுதியை யாரும் பாராட்டவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். 2024 ஜூலையில் 4.83 சதவீத உயர்வு வந்தபோதும் இந்த அமைப்பு கலையவில்லை.

ஆனால் இரண்டாவது மீட்டரின் லாபம் அப்படியே இருக்கிறது. 2022 கட்டணத்தில் 560 யூனிட்டுக்கு ஒரே மீட்டரில் 2,430 ரூபாய், இரண்டாகப் பிரித்தால் 1,170.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால்?

2021 தேர்தலில் திமுக மாதாந்திர மின்கணக்கீட்டை வாக்குறுதியாகத் தந்தது. மாதாமாதம் எடுத்தால் பில் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்லாப்களைச் சரிபாதியாக்கி, 2022 விலையில் போட்டுப் பார்த்தால் அது எப்போதும் உண்மையாவதில்லை. ஒரு மாதம் 220, மறு மாதம் 290 என்றால் மாதக்கணக்கில் மொத்தம் 1,977 ரூபாய் 50 காசு, இருமாதக் கணக்கில் 2,030, லாபம்தான். ஊருக்குப் போன மாதம் 150, அக்னி நட்சத்திர மாதம் 400 என்றால் மாதக்கணக்கில் 2,612 ரூபாய் 50 காசு, இருமாதக் கணக்கில் 2,350. வெயில் மாதத்தின் சுமையைக் குளிர்ந்த மாதம் தாங்கிக்கொள்ளும் வசதி போய்விடுகிறது.

மாதக் கணக்கீட்டின் உண்மையான பலன் தகவல். விலை உயர்ந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே மின்செலவைக் காட்டும் சிறு திரை வைத்திருந்த வீடுகள், திரை இல்லாத வீடுகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செலவைக் குறைத்தன என்பதை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த சோதனை காட்டியது. விலை எல்லோருக்கும் ஒன்றுதான். கண்ணில் பட்டது சிலருக்கு.

அதற்கு ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சென்னை தி.நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டன. மாநிலம் முழுவதற்குமான டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது. இருக்கிற மீட்டரிலேயே ஒன்று செய்யலாம். பில் எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: "உங்கள் மீட்டர் 18,740-ஐத் தாண்டினால் ஐநூறைத் தாண்டுகிறீர்கள்." கழித்தல் கணக்கு வேண்டாம், அட்டையைத் தேட வேண்டாம். மீட்டரில் ஓடும் எண்ணை நேரடியாக ஒப்பிட்டால் போதும். இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

விலை தொடாத வீடுகள்

நூறு யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டை எந்த விலையும் தூண்டாது. அந்த இலவசத்தை எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் ஒரு ஃபேன் ஓட்டுவது ஆடம்பரம் இல்லை, அந்த வீடுகளுக்குப் பில் இல்லாதது பெரிய நிம்மதி. ஆனால் அங்கேயும் மின்சாரம் வீணாகிறது, அதன் செலவை வாரியமும் அரசும் ஏற்கின்றன.

ஒரு ஃபேனை வைத்தே பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சம். 2022 விலையில் 540 யூனிட் வீட்டுக்கு இந்த ஒரு ஃபேன் 545 ரூபாய் மிச்சம் செய்யும், ஐந்தாறு பில்லில் ஃபேன் காசு வந்துவிடும். 650 யூனிட் வீட்டுக்கு 360 ரூபாய். 300 யூனிட் வீட்டுக்கு 180. 130 யூனிட் வீட்டுக்கு 67 ரூபாய் 50 காசு. 90 யூனிட் வீட்டுக்கு எதுவுமில்லை. அவர் எதற்காகச் சுமார் 3,000 ரூபாய் கொடுத்து அந்த ஃபேனை வாங்குவார்?

இந்த வீடுகளில் விலை செய்ய முடியாததைப் பொருள் செய்யும். 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேல் எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. மொத்தமாக வாங்கியதால் ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014-ல் இருந்த 310 ரூபாயிலிருந்து 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு ஸ்லாப்பையும் தொடாமல் குண்டு பல்பு வீடுகளிலிருந்து வெளியேறியது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2011-ல் மிக்ஸி, கிரைண்டருடன் ஃபேனையும் அரசே வீடு வீடாகக் கொடுத்தது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அதையடுத்தே வந்தன. அன்று ஃபேன் எத்தனை வாட் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்திருந்தால் அந்த ஆண்டுகளின் சுமை கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

பி.எல்.டி.சி. ஃபேனால் குளிர்மாதங்களைக் கழித்து ஆண்டுக்கு 200 யூனிட் மிச்சம் என்று வைப்போம். வாரியத்துக்கு ஒரு யூனிட் அடக்கம் 5 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இலவச ஸ்லாப்பில் இருக்கும் ஒரு வீட்டுக்கு ஃபேன் மாற்றிக் கொடுத்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாய் மிச்சம், மூன்று ஆண்டில் ஃபேனின் சில்லறை விலையே வந்துவிடும். பல்பைப் போல மொத்தக் கொள்முதலில் விலை இறங்கினால் அதற்கும் முன்பே. முதலில் கொடுக்க வேண்டியது சொந்த மீட்டர் இல்லாத குடித்தனங்களுக்கு. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டுக்காரர் ரேட்டில் அவர்கள் கையிலேயே நிற்கும்.